தேசிங்கும் ஏரி வாரியமும்

தமிழ் இலக்கியம் அரசைப் பற்றி நிறையப் பேசியிருப்பதாக ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. புறநானூறு, குறளின் பொருட்பால், சிலம்பு, பரணி, உலா என்று பட்டியலும் நீளமாகவே வரும். ஆனால் பட்டியலை விரித்துப் பார்த்தால் அங்கே பேசப்பட்டிருப்பவன் அரசன். அரசு என்கிற காரியம், அதாவது வரி எப்படி வசூலாகிறது, வசூலானதை யார் எண்ணுகிறார்கள், எண்ணியவனை யார் சரிபார்க்கிறார்கள், தவறு நடந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்கிற விவகாரம், நம் கவிதைக்குள் அநேகமாக வரவேயில்லை. ஆட்சி எதனால் நல்லதாகிறது என்று கேட்டால் ஆள்பவன் நல்லவனாக இருப்பதால் என்கிறது நம் மரபு. ராஜ்யங்கள் ஏன் சரிகின்றன என்று கேட்டால் அவன் கெட்டதால், அல்லது வஞ்சிக்கப்பட்டதால் என்கிறது. இந்தப் பதிலை ஓர் இலக்கியப் பிரச்னையாகவே இங்கு எடுத்துக்கொள்கிறேன். அதன் விளைவுகள் இன்று நாம் எழுதும் கவிதைகளிலும் இருக்கின்றன.

எங்கள் பக்கத்து உதாரணத்திலிருந்தே தொடங்கலாம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் செஞ்சி வந்துவிடும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை மதில் கட்டி வளைத்த கோட்டை. நாயக்கர்கள், 1649க்குப் பின் பீஜப்பூர்க்காரர்கள், 1677இல் சிவாஜி, 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுப் பிடித்த முகலாயர்கள், 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள் என்று கைமாறிக்கொண்டே இருந்தது. 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஏறக்குறைய நூறு வருஷத்தில் ஐந்து அரசுகள் சரிந்த இடம் இது. ராஜ்யம் ஏன் சரிகிறது என்று யோசிக்க இதைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் இந்த இடத்தைப் பற்றி ஜனங்கள் வைத்துக்கொண்டது ஒரே ஒரு கதையை. அது தேசிங்கு ராஜன் கதை.

கதைப்பாட்டாகவும், பெரிய எழுத்துப் புத்தகமாகவும், கூத்தாகவும் அது நிலைத்திருக்கிறது. டில்லியில் யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கிய இளைஞன். கல்யாணக் கோலத்தை விட்டுவிட்டு நண்பனுக்காகச் சாக ஓடிவரும் முகம்மதிய சிநேகிதன். வெள்ளம் புரளும் ஆறு. போர் வேண்டாம் என்று தடுத்துப் பார்த்து, கேட்காததால் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகச் சொல்லப்படும் சிங்கவரத்து ரங்கநாதர். இருபத்திரண்டு வயதில் சாவு, மனைவியின் உடன்கட்டை. கதைப்பாட்டின் அழகில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்துவும் முகம்மதியனும் ஒருவனுக்காக ஒருவன் சாகிற ஒரு கதையை எந்தப் போதனையும் இல்லாமல் ஜனங்கள் கட்டிவைத்திருக்கிறார்கள் என்பதும் சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் 1714இல் நடந்த அந்தப் போரின் காரணம் என்ன? ஒரு பாக்கிக் கணக்கு. தேசிங்கின் தகப்பன் ஸ்வரூப் சிங் முகலாயர் நியமித்த கில்லேதார். ஆற்காட்டுக்குச் செலுத்தவேண்டிய தொகை அவன் காலத்திலேயே நிலுவை விழுந்திருந்தது. அவன் செத்ததும் மகன், பட்டத்துக்குப் புதிய உத்தரவு வாங்காமலே, கோட்டை தனக்கு வாரிசுரிமை என்று உட்கார்ந்துகொண்டான். நவாப் சாதத்துல்லா கான் பாக்கியைக் கேட்டு வந்தான். பதவி வாரிசுச் சொத்தா, அல்லது உத்தரவினால் வருவதா என்பதே அங்கே எழுந்த கேள்வி. சாம்ராஜ்யம் ஒன்று கலைந்துகொண்டிருக்கும்போது எல்லா மூலையிலும் எழுகிற கேள்வி அதுதான். நவாபு பதவியும் அடுத்த தலைமுறையில் அதே மாதிரி குடும்பச் சொத்தாயிற்று. கதைப்பாட்டில் கணக்கு மானமாக மாறிவிடுகிறது. கப்பம் கேட்டது அவமானம், கொடுக்க மறுத்தது வீரம். அந்த நிலுவைத் தொகை எந்த உழவனிடமிருந்து வரவேண்டியதாக இருந்தது, கொடுத்திருந்தாலும் கொடுக்காமலிருந்தாலும் அவனுக்கு என்ன ஆகியிருக்கும் என்பது பாட்டின் காதில் விழவில்லை. 1960இல் அது சினிமாவானபோது தேசிங்காக நடித்தவர் எம்.ஜி.ஆர். 1977இல் அவர் முதலமைச்சரானார். சினிமாவினால் அரசியல் கெட்டது என்று வழக்கமாகப் புலம்புகிறோம். நான் நேர்மாறாக நினைக்கிறேன். ஆளுகையை ஒரு முகமாக மட்டுமே பார்க்கும் பழக்கம் கதைப்பாட்டிலும் அதற்கு முந்தைய கவிதையிலும் தயாராக இருந்தது. சினிமா அதை வாங்கிக்கொண்டது.

முந்தைய கவிதை என்று சொன்னேன். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். பாண்டியன் தன் தவறு தெரிந்த கணத்தில் உயிரை விடுகிறான். அந்த மரணத்தை நாம் மேடைமேடையாகப் போற்றியிருக்கிறோம். ஆனால் கொலைக்களக் காதையை மெதுவாகப் படித்துப் பாருங்கள். கொல்லப்போன காவலர்கள் கோவலனைப் பார்த்ததும், இவன் முகம் திருடன் முகமாக இல்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் உட்கார்ந்து திருட்டு சாஸ்திரம் சொல்லி அவர்கள் வாயை அடைக்கிறான். பேச்சு முடிவதற்குள் குடிவெறியில் இருக்கும் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். இளங்கோவின் பேரறிவு இந்தக் காட்சியில் இருக்கிறது. அரசு இயந்திரத்தின் கடைசிப் பல்லில் சந்தேகம் பிறக்கிறது. அந்தச் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு போவதற்கு ஒரு இடம் இல்லை. விசாரணை என்று ஒரு படி இருந்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். பாண்டியன் எவ்வளவு நல்லவன் என்பது அந்த இடத்தில் ஒரு பொருட்டே இல்லை.

பிறகு என்ன நடக்கிறது? கொற்கையிலிருந்து வந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பத்தினிக்குப் பலி கொடுக்கிறான். மழை பெய்கிறது, நாடு செழிக்கிறது. ஒரு முறையின் ஓட்டையை ஒரு ஜாதியின் ரத்தத்தால் அடைத்தாயிற்று. அடுத்த கோவலன் வந்தால் விசாரிக்க இப்போது யாராவது இருக்கிறார்களா என்று காப்பியம் கேட்கவில்லை. நம் உரையாசிரியர்களும் விமர்சகர்களும்கூட இந்த ஆயிரம் பேர்மேல் தங்கி நின்றதாகத் தெரியவில்லை.

குறள் இதைவிடக் கூர்மையானது. எழுபது அதிகாரம் கொண்ட பொருட்பாலில் இருபத்தைந்துதான் அரசனுக்கு. மீதி அமைச்சு, நாடு, அரண், கூழ், படை, நட்பு என்று விரிகிறது. கடிந்து சொல்ல ஆளில்லாத அரசன் பகைவன் இல்லாமலே கெடுவான் என்ற இடத்தில் வள்ளுவர் ஸ்தாபனத்தின் வாசல்வரை வந்துவிடுகிறார். ஆனால் வாசலிலேயே நின்றுவிடுகிறார். கடிந்து சொல்கிறவனைத் தேடித் துணையாக வைத்துக்கொள்ளவேண்டியதும் அரசனேதான். அவன் வைத்துக்கொள்ளாவிட்டால்? கடிந்து சொன்னவனை மறுநாள் வெளியே அனுப்பிவிட்டால்? சொல்கிறவனின் நாற்காலி அரசனின் தயவில் இருக்கும்வரை அவன் சொல்லுக்கும் அந்தத் தயவுதான் எல்லை. குறள் ஒரு நல்ல அரசனுக்கு எழுதப்பட்ட நூல். அந்த அரசன் கிடைக்காத ஊர்களைப் பற்றி அதில் வருத்தம் உண்டு, ஏற்பாடு இல்லை.

அப்படியானால் தமிழில் அரசைப் பற்றிய சிந்தனையே கிடையாதா? உண்டு. நாம் இலக்கியம் என்று ஒப்புக்கொள்ளாத இடத்தில் இருக்கிறது. உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன, 919க்கும் 921க்கும் உரியவை. குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் படித்து மறந்தோம். ஜனநாயகம் நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று மேடையில் முழங்கவும் அவ்வப்போது பயன்படுத்துகிறோம். அவற்றை உரைநடையாக யாரும் படித்துப் பார்த்ததில்லை. முப்பது குடும்பு, ஒவ்வொன்றிலிருந்தும் ஓலை, பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கவேண்டும். காலவேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள், முந்தின மூன்று வருஷம் வாரியத்தில் இருந்திருக்கக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழக்கூடாது. அவனுடைய உறவுக்காரர்கள் பெயரும் கூடாது. எந்தெந்த உறவு என்று, பெரியம்மா பிள்ளை, சிற்றம்மா பிள்ளை, அத்தை பிள்ளை என்கிற ரீதியில், ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று வேலைக்கு வேலை தனிக் குழு.

அந்த உறவுப் பட்டியலைத்தான் நான் உயர்ந்த இலக்கியம் என்கிறேன். எழுதியவர்களுக்கு மனுஷ சுபாவம் தெரிந்திருக்கிறது. கணக்குக் காட்டாமல் விலகினவன் அடுத்த வருஷம் மச்சான் பெயரில் திரும்பி வருவான் என்று தெரிந்திருக்கிறது. 919இல் எழுதியது போதாமல் இரண்டே வருஷத்தில் மறுபடி கூடித் திருத்தி எழுதினார்கள் என்பது அதைவிட முக்கியம். எந்த யுகத்துக்கும் பொருந்தும் நீதி சொல்லும் ஆசை அங்கே இல்லை. போன தடவை எங்கே ஓட்டை விழுந்தது என்று பார்த்து அடைத்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 270 இளைய மாணவர்களுக்கும் 70 மூத்த மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் இன்னின்ன பாடத்துக்கு இவ்வளவு நெல் என்று அளந்து வைத்திருக்கிறது. அதிலும் இதே மனம்தான். கல்வியின் பெருமையைப் பாடுவதற்கும் மாணவனுக்குத் தினம் எத்தனை நாழி நெல் என்று எழுதி வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நம் இலக்கிய சரித்திரங்கள் கவனித்ததே இல்லை.

நான் வங்கிக் குமாஸ்தா. பெட்டக அறைக்கு இரண்டு சாவி உண்டு. ஒன்று மானேஜரிடம், மற்றது காஷியரிடம். ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. இரண்டு பேரில் யார்மேலும் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஆனாலும் இரண்டு சாவி. இரண்டு பேரும் ஒழுங்காகவே இருந்துவிட்டுப் போகலாம், ஒழுக்கத்துக்கு அங்கே வேலை வைக்கப்படவில்லை. நம் கவிதை மரபுக்கு இந்த இரண்டாவது சாவி அவமானமாகத் தெரியும். என்மேல் நம்பிக்கையில்லையா என்று மார்பைத் திறந்து காட்டும்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. பிளேட்டோ தத்துவஞானியை அரசனாக உட்கார வைத்து ஒரு குடியரசைக் கட்டினார். முதுமையில் எழுதிய 'சட்டங்க'ளில் அந்த ஞானியை நம்பி இருக்காமல், பதவி வகித்தவர்களை விசாரிப்பதற்கென்றே தணிக்கையாளர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். முதல் நூலை உலகம் கொண்டாடுகிறது. இரண்டாவதைப் படிப்பவர்கள் குறைவு. யார் ஆளவேண்டும் என்ற கேள்வியே தவறு, மோசமானவன் வந்தாலும் அதிக நாசம் செய்ய முடியாதபடி ஏற்பாடுகளை எப்படி அமைப்பது என்றுதான் கேட்கவேண்டும் என்று கார்ல் பாப்பர் 1945இல் எழுதினார். ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்'டில் ஒரு தோட்டக்காரன் வருகிறான். கிளையை வெட்டிவிட்டுக் களை பிடுங்கிக்கொண்டே, அரசன் தன் நாட்டை இந்தத் தோட்டத்தைப் போலப் பராமரித்திருக்கக் கூடாதா என்று பேசுகிறான். ரிச்சர்டின் நீண்ட, அழகான சுயபச்சாதாபங்களுக்கு நடுவே நாடகத்தில் அரசைப் பற்றி ஏதாவது தெரிந்த மனிதன் அவன் ஒருவன்தான். நம் பரணியிலும் உலாவிலும் அந்தத் தோட்டக்காரனைத் தேடிப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்திலேயே அப்படி ஒரு உரைநடைக்காரர் இருந்தார். புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை 1736இலிருந்து 1761வரை எழுதிய நாட்குறிப்பில் விலைகள், வெகுமதிகள், கடிதங்கள், வதந்திகள், யாருக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்பது எல்லாம் இருக்கின்றன. செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசமானபோது அவர்தான் தலைமைத் துபாஷ். அவர் செத்த நாலாம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. ஒரு அதிகாரம் எப்படி ஏறி எப்படி இறங்கியது என்பதைக் கணக்கு எழுதுகிறவனின் கண்ணால் பார்த்த தமிழ் அது. அவர் சுயநலக்காரர், தற்பெருமை உண்டு, ஜாதிப் பற்று உண்டு. இருந்தும் தேசிங்கு கதைக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. ராஜ்யம் போர்க்களத்தில் விழுவதற்கு வெகுநாள் முன்பே கடிதங்களிலும் பாக்கிகளிலும் விழ ஆரம்பித்துவிடுகிறது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும், எழவும் வேண்டும். உத்தரமேரூர் பிராமணர்களின் சபை. நிலம் உள்ளவன், வேதம் படித்தவன் பெயர்தான் குடத்துக்குள் போகும். ஏரி வாரியத்தின் ஏரியை வெட்டியவன் பெயர் போகாது, பெண் பெயர் போகாது. விதி எவ்வளவு நுட்பமானாலும் குடத்துக்குள் யார் பெயர் விழலாம் என்பதை அந்த விதியே தீர்மானித்துவிட்டது. ஆகவே விதி இருந்தால் போதும் என்று நான் சொல்லவரவில்லை. இதற்கு அடுத்த உதாரணம் திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரிலிருந்து.

ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல்வரை சென்னை ராஜதானியின் பிரதமர். சிபாரிசோடு வந்த கட்சிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார், அதனாலேயே சொந்தக் கட்சி அவரை இறக்கியது, இறங்கியபின் வடலூருக்குப் போய் வள்ளலார் வழியில் தொண்டு செய்தார் என்றெல்லாம் இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். எல்லாம் அவருடைய நேர்மையைப் பற்றிய கதைகள். மறுபடியும் முகம். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் மிஞ்சியவை என்ன? 1947இன் ஆலயப் பிரவேசச் சட்டம், அதே வருஷத்துத் தேவதாசி ஒழிப்புச் சட்டம், 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம். இவை எதுவும் ஒரே மனிதரின் மண்டையிலிருந்து வந்தவை அல்ல. தேவதாசி மசோதாவை முத்துலட்சுமி ரெட்டி அதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்பே சட்டசபையில் தொடங்கிவைத்திருந்தார். ஜமீன் விவகாரத்தில் பிரகாசம் தலைமையிலான குழுவின் அறிக்கை 1938இலேயே வந்திருந்தது. ரெட்டியாரின் நேர்மை, பலர் தள்ளிக்கொண்டு வந்த வண்டியைக் கடைசி மேட்டில் நிறுத்தாமல் ஏற்றியது. நேர்மை அவரோடு வடலூருக்குப் போய்விட்டது. சட்டங்கள் இங்கே நின்றன. குடத்துக்குள் விழும் பெயர்களை அதிகமாக்கியவை அந்தச் சட்டங்கள்.

நின்றனவா என்பதுதான் அடுத்த கேள்வி. ஆலயப் பிரவேசச் சட்டம் வந்து எழுபத்தாறு வருஷம் கழித்து, 2023இல், அதே விழுப்புரம் மாவட்டத்தின் மேல்பாதி கிராமத்தில் தலித் மக்கள் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தடுக்கப்பட்டார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். 2025 ஏப்ரலில் போலீஸ் பாதுகாப்போடு அவர்கள் உள்ளே போனார்கள். முக்கால் நூற்றாண்டு சட்டம் இருந்தும், அந்தக் கிராமத்தில் அரசுக்கு முதலில் கைவந்த காரியம் ஒரு பூட்டுதான். நல்லவன் வந்தால் போதும் என்பது எவ்வளவு பொய்யோ, சட்டம் எழுதிவிட்டால் போதும் என்பதும் அவ்வளவு பொய். ஏரியைப் போலத்தான். கட்டியவன் பெயர் கல்லில் இருக்கும், ஆனால் ஆண்டுதோறும் தூர்வாரும் கை இல்லாவிட்டால் ஏரி மேடாகிவிடும். அந்தக் கைக்குச் சம்பளம் யார் தருவது, அது வேலை செய்ததா என்று யார் பார்ப்பது என்பதை எழுதி வைத்ததுதான் ஏரி வாரியம். அரசுகள் சரிவது பெரும்பாலும் இந்த இடத்தில். கோட்டை விழுவது கடைசியில்.

ரெட்டியார் பெயரில் சென்னையில் ஒரு அரசினர் தோட்டம் இருக்கிறது. அங்கே 2010 மார்ச்சில் புதிய தலைமைச் செயலகத்தைத் திறந்தார்கள். 2011இல் ஆட்சி மாறியது. செயலகம் பழையபடி கோட்டைக்கே போயிற்று. அந்தக் கட்டடம் 2014இல் ஆஸ்பத்திரியாயிற்று. ஆஸ்பத்திரியால் ஜனங்களுக்குப் பயன்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு ராஜ்யத்தின் அலுவலகம் எங்கே இருக்கவேண்டும் என்பது நாற்காலியில் உட்காரும் ஆளைப் பொறுத்தது என்றால், தேசிங்கு கதைக்கு நாம் இன்னும் வெளியே வரவில்லை.

இனி நம் பக்கம். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல். இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால். கள்ளக்குறிச்சியில் கலெக்டரை மாற்றினார்கள், போலீஸ் சூப்பிரண்டெண்டை சஸ்பெண்ட் செய்தார்கள். பொற்கொல்லர் ஆயிரவர் கதையின் மிருதுவான பதிப்பு அது. மெத்தனால் ஆற்று மணலைப் போல அள்ளிக்கொண்டு வரக்கூடியது இல்லை. தொழிற்சாலைப் பொருள். லைசென்ஸ் உண்டு, இருப்புப் பதிவேடு உண்டு, வந்தது இவ்வளவு போனது இவ்வளவு என்று எழுதும் பத்தி உண்டு. ஏதோ ஒரு பதிவேட்டின் ஏதோ ஒரு வரியில் அந்தச் சாவுகள் தொடங்கியிருக்கின்றன. அந்த வரியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடவேண்டியவர் ஒருவர் இருந்திருக்கிறார்.

அந்த ஜூனில் எழுதப்பட்ட கவிதைகளில் கைக்குக் கிடைத்தவற்றை வாசித்தேன். தாலி, பாடை, அனாதைக் குழந்தை, மதுவில் மிதக்கும் அரசு, கோட்டையில் உறங்கும் கொற்றவன். கொற்றவன் என்றே எழுதியிருந்தார் ஒருவர். 1970களில் வானம்பாடிகள் ஆட்சியாளரை விளித்து முழங்கியதை இந்தப் பக்கங்களில்தான் நாம் கிண்டல் செய்தோம், சரியாகவே செய்தோம். ஆனால் முழக்கத்தைக் கழித்துவிட்டு, நாம் வைத்துக்கொண்டதும் விளியையே. குரலைத் தாழ்த்திக்கொண்டோம், படிமத்தைக் கொஞ்சம் இறுக்கினோம். எதிரே நிற்பவன் அதே கொற்றவன். அவனைத் திட்டினாலும் புகழ்ந்தாலும் கவிதையின் அமைப்பு மெய்க்கீர்த்தியினுடையதுதான்.

பதிவேட்டைக் கவிதையாக்க முடியுமா என்று நண்பர்கள் சிரிக்கலாம். உத்தரமேரூர்க்காரர்கள் கவிதை எழுத உத்தேசிக்கவில்லை, அதனால்தான் அவர்கள் உரைநடைக்கு அந்தத் திடம் வந்தது என்றும் வாதிடலாம். இருக்கட்டும். நான் கேட்பது அதைவிடச் சிறியது. கொலைக்களத்தில் தயங்கி நின்ற அந்தக் காவலர்களை இளங்கோ பார்த்திருக்கிறார், ஏழெட்டு வரிகளில் எழுதியும் இருக்கிறார். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு யாரும் திரும்பிப் போகவில்லை. தேசிங்கு கதையில் ஆற்காட்டின் பாக்கித் தொகையை வரி வரியாக எழுதி, கூட்டி, கீழே கோடு போட்ட ஒரு கணக்குப்பிள்ளை இருந்திருக்கவேண்டும். முன்னூறு வருஷமாகச் செஞ்சியைப் பாடுகிறோம், அவன் பெயர் யாருக்கும் தெரியாது. குதிரையின் பெயர் எல்லோருக்கும் தெரியும்.